ஒரே பக்கத்தில் அடங்கிய படிவம்

2024 ஒக்டோபர் 26, சனிக்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். மழை இல்லை. பாணும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். ஏழு ஐந்துக்கு வரவேண்டிய பஸ் ஏழு பதினேழுக்கு வந்தது. எட்டுப் பத்துக்கு நூலகத்தின் முன்கதவைத் திறந்து, பின்பக்க ஜன்னல்கள் நான்கையும் திறந்து, திகதி முத்திரையில் நாளை மாற்றினேன். சிங்களப் பத்திரிகைகள் மூன்றும் முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தன. தமிழ்ப் பத்திரிகை ஒன்று. அது வழக்கம்போல ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அதற்காகக் காத்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் முதலில் மரண அறிவித்தல்களைப் படித்து, தெரிந்தவர் யாரும் இல்லை என்று எனக்கு அறிவித்தார். பத்தரை மணிக்கு வாசிப்பு மாதப் பரிசளிப்பு விழா.

நாட்குறிப்பில் விழாவுக்கு முன் இவ்வளவுதான் இருக்கிறது. மற்றவற்றை மாலையில் எழுதினேன். அதற்கு நான்கு பக்கம் ஆயிற்று. சாதாரணமாக எனக்கு ஒரு நாளுக்கு அரைப் பக்கம் போதும்.

நான் அந்த நூலகத்தில் உதவியாளர், நிரந்தர அரச உத்தியோகம். பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பட்டணத்தின் பெயரை எழுதவில்லை. பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை போகும் பஸ்ஸில் ஓப்பநாயக்கவில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி வரவேண்டிய இடம் என்றால் போதும். பட்டணத்தில் பெரும்பாலும் சிங்களவர்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே லயங்களில், வரிசையாகக் கட்டிய தோட்டத்து அறைகளில், எங்கள் ஆட்கள். நான் பிறந்தது கொடகவெல பக்கத்து ரப்பர் தோட்டத்து லயம் ஒன்றில். எங்கள் நூலகர் ஒரு சிங்களப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை ‘நங்கி’, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மெடம் என்பேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இல்லை.

வருடத்தின் சிறந்த வாசகரைத் தெரிவு செய்வதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. முந்தைய ஒக்டோபரிலிருந்து செப்டெம்பர் வரையான இரவல் ரெஜிஸ்டரைப் பார்த்து, யார் அதிகம் எடுத்தார் என்று எண்ணுவது என் வேலை. இந்த வருடம் இரண்டாம் இடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அறுபத்தொரு புத்தகம். முதலிடத்தில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நூற்று நாற்பத்தெட்டு. இரண்டு தரம் எண்ணினேன். கணக்கப்பிள்ளை என்பவர் மலையில் கொழுந்தெடுக்கும் ஆட்களை மேற்பார்ப்பவர். நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து இத்தனை வாசிக்கும் ஒருவர் எங்கள் மாகாணத்திலேயே இருக்க மாட்டார் என்று மெடம் சொன்னார். அது சரிதான்.

அவர் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டணத்தில் அவருக்கு மனைவி வழியில் வந்த சிறிய வீடு ஒன்று உண்டு. வாரக் கடைசிக்கு வருவார். அந்த வீட்டுக்குப் பிரதேச சபையில் வரி கட்டுவதால் அவருக்கு அங்கத்தவர் அட்டை கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் உரப்பை தைத்த பை ஒன்றில் மூன்று புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்து வேறு மூன்றை எடுத்துப்போவார். எடுத்ததைத் திறந்து பார்த்ததில்லை. கர்ப்பிணிகளுக்கான உணவு, பூப்பின்னல், துப்பறியும் கதைகள், கணித வினாத்தாள் தொகுதி, தேனீ வளர்ப்பு, மறுபடி கர்ப்பிணிகளுக்கான உணவு. அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் திருப்பித் தந்த கணித வினாத்தாள் தொகுதிக்குள் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று தவறுதலாக வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை முழுவதும் படித்தேன். கோடுபோட்டு ஐந்து நிரல். திகதி, எடுத்தவர், லயம், எங்கள் நூலகத்தின் பதிவு இலக்கம், புத்தகத்தின் நிலை. கடைசி நிரலில், “43ஆம் பக்கம் ஏற்கனவே கிழிந்திருந்தது. நாங்கள் கிழிக்கவில்லை” என்று ஓரிடத்தில் இருந்தது. போய் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். கிழிந்திருந்தது. எங்கள் ரெஜிஸ்டரில் அது பற்றிக் குறிப்பில்லை.

ஒரு அட்டையை வைத்துக்கொண்டு பதினேழு வீடு வாசித்திருந்தது. புத்தகங்கள் பிள்ளைமடுவத்தில் இருந்தன. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, மாலையில் பிள்ளையையும் புத்தகத்தையும் எடுத்துப்போவார்கள். கொப்பியை எழுதியவர் அங்கே உதவியாளராக இருந்த பெண். கையெழுத்தை வைத்தே அறிந்துகொண்டேன். தனக்கு வேண்டிய தொகுதிகளை ஒரு தரம் எனக்குத் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருந்தார்.

சட்டப்படி அட்டை இன்னொருவருக்கு மாற்றத் தக்கதல்ல, மாற்றினால் ரத்து. கொப்பியைப் பழுப்புக் கடதாசியில் சுற்றி, அடுத்த ஞாயிறு கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன்.   அலுவலகக் குறிப்பேட்டில் இதை எழுதவில்லை. நாட்குறிப்பில் எழுதினேன்.

அந்தப் பெண் அதற்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வேறு நாளில் அவரால் வர முடியாது. அவர் வேலை ஐந்து மணிக்கு முடியும். நாங்கள் ஐந்து மணிக்குப் பூட்டுவோம். பதினான்கு வருடமாகப் பிள்ளைமடுவத்தில் உதவியாளர். இனி அங்கே இருப்பவர்கள் பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தமிழும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று தோட்டத்தில் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவரிடம் நான்கு இருந்தது. கணிதம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் எடுக்காவிட்டால் மறுபடி கொழுந்துக் கூடைதான். அவர் இடத்துக்கு வேறு ஆள் வரும். தமிழ் மொழிமூல வினாத்தாள் தொகுதி பட்டணத்துக் கடைகளில் விற்பதில்லை. நூலகத்தில் ஐந்து தொகுதி இருந்தது.

அவருக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்து, சபை எல்லைக்குள் வரி கட்டும் ஒருவரிடம் பிணைக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். படிவத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் குடியிருக்கும் லயக் காம்பரா, அதாவது லயத்து அறை, கம்பனியுடையது. அதற்குச் சபையில் இலக்கமும் இல்லை, வரியும் இல்லை. கணக்கப்பிள்ளை பட்டணத்தில் இருக்கும் தன் மகளுக்கும் மருமகனுக்கும் ஏற்கனவே பிணை நின்றுவிட்டார். ஒருவர் இருவருக்குத்தான் நிற்கலாம். அந்தப் பெண் தான் சாமான் வாங்கும் கடைக்காரரிடம் போயிருக்கிறார். “உங்களை எனக்குத் தெரியும், நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் புத்தகம் வராவிட்டால் எந்த வீட்டைக் கைகாட்டுவது?” என்று அவர் சிங்களத்தில் கேட்டாராம். அடுத்த ஞாயிறு படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“வீணாக்க வேணாங்க மிஸ். வேற யாருக்காச்சும் குடுங்க.”

வாங்கிப் படிவக் கட்டில் சேர்த்தேன். அன்று நாட்குறிப்பில் எழுதியிருப்பது: “தோட்டத்து விண்ணப்பம், நாற்பத்தோராவது. கையெழுத்து இல்லை.” என் வேலை அத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன்.

இந்த ஒக்டோபர் 18ஆம் திகதி, போயா விடுமுறைக்கு மறுநாள், மேலிடத்திலிருந்து ஒரு வினாக்கொத்து வந்தது. உலகெங்கும் நூலகங்கள் பன்முகத்தன்மையையும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலையும் சமமான அணுகலையும் வளர்த்து வருகின்றன என்று முதல் பந்தி சொன்னது. எங்கள் நூலகம் என்ன செய்தது என்று மற்றப் பந்திகள் கேட்டன. மெடம் அதை என்னிடம் தந்து, தெரிந்ததை நிரப்பு என்றார்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டா? உண்டு. அது முடியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. பார்வையற்றோருக்கான புத்தகம் உண்டா? உண்டு, ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்தது, ஆங்கிலப் புள்ளியெழுத்தில். எடுத்தவர் இதுவரை இல்லை. பெயர்ப்பலகை மும்மொழியிலா? ஆம். தமிழ்ப் புத்தகங்கள் உண்டா? உண்டு, நன்றாக ஓடுகின்றன. தோட்டப் பகுதியிலிருந்து அங்கத்தவர் எத்தனை பேர்? ஒருவர். மாதிரிக்கு விண்ணப்பப் படிவங்களை எல்லா மொழியிலும் இணைக்கவும்.

சிங்களப் படிவம் ஒன்றையும் தமிழ்ப் படிவம் ஒன்றையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நீளம். அதுதான் என்னை நிறுத்தியது. அலுவலகக் கடிதம் எதையும் தமிழில் பெயர்த்தால் சிங்களத்தைவிட நான்கைந்து வரி நீளும். பத்தொன்பது வருடத்தில் நீளாத ஒன்றைப் பார்த்ததில்லை. விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். சிங்களத்தில் ஏழாவது வரியில், பிணையாளர் வரி செலுத்துபவராக இருக்கலாம், “அல்லது நிரந்தர அரச உத்தியோகத்தராக இருக்கலாம்” என்று இருந்தது. தமிழில் வரி செலுத்துபவர் மட்டும் இருந்தார்.

தமிழ்ப் படிவத்தைத் தயாரித்தவள் நான். 2013இல். அப்போது கடதாசி ஒரு பக்கம்தான் அச்சடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தமிழ் இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி வழிந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி கிடப்பது எனக்குப் பிடிக்காது. எழுத்தைச் சிறிதாக்கினேன், இடைவெளியைக் குறைத்தேன், இன்னும் ஒரு வரி வழிந்தது. ஒரு வரியை எடுத்தேன். அன்றைய நாட்குறிப்பைத் தேடிப் பார்த்தேன். “படிவம் முடிந்தது. அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது” என்று எழுதியிருந்தேன்.

என்னுடைய அங்கத்தவர் விண்ணப்பம் 1996இல் வேறொரு பட்டணத்தில் கொடுத்தது. அப்போது நானும் லயத்து ஆள். எனக்குப் பிணை நின்றவர் ஒரு தபாலதிபர். நிரந்தர அரச உத்தியோகத்தர்.

இரண்டு படிவத்தையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எட்டு நாள் அங்கேயே இருந்தன. அதற்கான காரணம் நாட்குறிப்பில் இல்லை.

இனி விழா. தேர்தல் நடக்காமல் பிரதேச சபைக்கு இப்போது தெரிவான அங்கத்தவர்கள் இல்லாததால் செயலாளர்தான் தலைமை. மாவட்ட அலுவலகத்திலிருந்து கமராவுடன் ஒரு உத்தியோகத்தரும் வந்திருந்தார். நாற்காலி ஐம்பது போட்டோம். கணக்கப்பிள்ளை வெள்ளைச் சேர்ட்டு, கறுப்புக் காற்சட்டை, புதுச் செருப்புடன் முன்வரிசையில் இருந்தார். கடைசி இரண்டு வரிசையில் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை வேலைநாள், பன்னிரண்டு பேரும் அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பேர் என்றால் ஒருநாள் சம்பளம். பிள்ளைமடுவத்துப் பெண்ணும் இருந்தார். மடியில் யாருடையதோ குழந்தை.

நூற்று நாற்பத்தெட்டு என்று செயலாளர் வாசித்தபோது அந்த இரண்டு வரிசையும் கை தட்டியது. அவரவர் எடுத்த புத்தகத்துக்கு அவரவர் தட்டினார்கள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

பரிசு ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும். வாங்கிக்கொண்டு இறங்கப் போனவரை மாவட்ட உத்தியோகத்தர் நிறுத்தி, மிகவும் பிடித்த புத்தகம் எது என்று சிங்களத்தில் கேட்டார். கணக்கப்பிள்ளை நல்ல சிங்களம் பேசுவார். இருந்தும் பின்வரிசையைப் பார்த்துவிட்டு, தேனீ வளர்ப்பு என்றார். எத்தனை பெட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார் உத்தியோகத்தர். இன்னும் ஒன்றுமில்லை, அந்த அத்தியாயத்துக்கு வரவில்லை என்றார் இவர். கூட்டம் சிரித்தது.

என் பக்கத்தில் தேநீர்த் தட்டுடன் நின்ற கொழுந்துக்காரி ஒருவர், இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னார்: “நம்ம ஐயாவுக்கு வாசிக்கக் கண்ணாடிகூட வேணாம் பாரு. அட்டையப் பாத்தாலே உள்ளுக்குள்ள போயிரும்.”

“அதான் தேனீ கடிச்சிருச்சு,” என்றார் மற்றவர்.

மாவட்ட உத்தியோகத்தருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. தோட்டத்து வாசகர் ஒருவர். வினாக்கொத்துக்குப் பொருத்தமான படம். புதன்கிழமை வீட்டுக்கே வருவதாகவும், புத்தக அலுமாரிக்கு முன்னால் ஒரு படம் எடுத்து, அங்கத்தவர் அட்டையையும் கேள்விப்பட்ட வாசிப்புப் பழக்கத்தையும் அறிக்கையில் சேர்ப்பதாகவும் சொன்னார். கணக்கப்பிள்ளை, வாங்க வாங்க என்றார். முகம் வேறு சொன்னது.

தேநீர் முடிந்து ஆட்கள் போகும்போது, சாய்தளம் முடியும் படியருகில் அவர் என்னைப் பிடித்தார். கடிகாரப் பெட்டி கக்கத்தில் இருந்தது. அட்டையை நீட்டினார். பிள்ளைமடுவத்துப் பெண் குழந்தையுடன் அருகில் நின்றார்.

“மிஸ், இத நீங்களே வச்சுக்கங்க. புதன்கெழம அந்த மாத்தையா வந்து அலுமாரியக் காட்டுன்னா நான் எதக் காட்டுறது? எங்க வூட்டுல இருக்கிற பெரிய பொஸ்தகம் பஞ்சாங்கந்தான்.”

“குடுத்துறாதீங்க ஐயா,” என்றார் அந்தப் பெண். “கணக்குல இன்னும் ரெண்டு தொகுதி இருக்கு.”

“நான் ரிட்டயர் ஆகுற வருசம் புள்ள. கடைசி நேரத்துல வம்பு வந்தா நல்லா இருக்காது.”

“எனக்கும் வேல போற வருசந்தாங்க ஐயா.”

 கணக்கப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. கடிகாரப் பெட்டியை அந்தப் பெண்ணின் மறு கையில் கொடுத்தார். “இத மடுவத்துல மாட்டு. ஒங்களுக்குக் குடுத்ததுதானே.” பிறகு மறுபடி என்னிடம் அட்டையை நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டு ஒரு தரம் முடிந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க,” என்றேன். வேலை செய்யும் இடத்தில் நான் இந்த லயத்துத் தமிழ் பேசுவது குறைவு.

“கையெழுத்து யாருங்க மிஸ் போடுவாங்க?”

“நான் போடுறேன்.”

 “நீங்க போடலாமுங்களா?”

“பதினொரு வருசமாப் போடலாம்,” என்றேன். “நாந்தான் அத எடுத்துட்டேன்.”

அவருக்கு அது விளங்கியிருக்காது. உள்ளே கூட்டிப்போய் இழுப்பறையைத் திறந்து இரண்டு படிவத்தையும் காட்டினேன். சிங்களப் படிவத்தின் ஏழாவது வரியை அவரே வாசித்தார். சிங்களம் நன்றாக வாசிப்பார் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். தமிழ்ப் படிவத்தையும் வாசித்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப சிங்களத்து ஃபோர்ம கேட்டிருந்தா போன வருசமே ஆயிருக்குமாங்க?”

“ஆயிருக்கும்.”

“சரிங்க,” என்றார். குழந்தை அழத் தொடங்கியது. போய்விட்டார்.

மெடத்திடம் அதன் பிறகுதான் சொன்னேன். படிவம், கொப்பி, அட்டை, மூன்றையும் இந்த வரிசையில் சொன்னேன். அவர் மீதியான கேக்கைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார். கொப்பியைப் பற்றி ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்கவில்லை. ஒருவர் ஒரு வாரத்தில் பூப்பின்னலும் கணிதமும் பிரசவமும் படிப்பதைப் பார்க்கத் தனக்கும் கண் இருக்கிறது என்றார். தமிழ்ப் படிவம் யார் செய்தது என்றார். நான் என்றேன். அப்படியென்றால் நீதான் திருத்த வேண்டும் நங்கி, என்றார். நூலக ஊழியர் பிணை நிற்கலாமா என்று கேட்டேன். கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். தேடினோம். எங்கும் எழுதியிருக்கவில்லை. இதுவரை யாரும் நின்றதுமில்லை.

கணக்கப்பிள்ளையின் அட்டையை, டிசம்பருடன் காலாவதியாகிறது என்பதால், புதுப்பிப்புக்குரிய பெட்டியில் வைத்தேன். யாராவது கேட்டால் அங்கே இருக்கிறது என்று சொல்லலாம், அது உண்மை. மாவட்ட உத்தியோகத்தர் புதன்கிழமை வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். தீபாவளிக்கு முந்திய நாள் அது. கணக்கப்பிள்ளை வீட்டில் யாரிடமிருந்தோ இரவல் வாங்கிய அலுமாரி ஒன்று மட்டும் வந்திருந்ததாம்.

விழா நாளிலேயே மூன்று மணிக்கு வினாக்கொத்தின் கடைசிப் பகுதியை நிரப்பினேன். சமமான அணுகலுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற இடத்தில், “தமிழ் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது” என்று எழுதினேன். அதற்கு எடுத்த காலம் என்ற இடத்தில், “பதினொரு வருடம்” என்று எழுதினேன். மெடம் வாசித்துவிட்டு, கையொப்பமிட்டு உறையில் வைத்தார். ஐந்து மணிக்குப் பூட்டினோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு ஐந்துக்குக் கதவைத் திறந்தபோது பிள்ளைமடுவத்துப் பெண் ஏற்கனவே படியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களைத் திறக்கவில்லை. முத்திரையில் நாளை மாற்றவில்லை. படிவக் கட்டை எடுத்து அடியில் பார்த்தேன். அவர் திருப்பித் தந்த, மடிப்பு விழுந்த படிவத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது. அதனால் அது அடிக்குப் போய் அங்கேயே கிடந்தது. நான்காக மடித்த கோடுகளை ஸ்கேலால் தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை. பிணையாளர் என்ற வரியின் கீழே, விட்டுப்போனதைப் பேனாவால் எழுதினேன். இடம் போதவில்லை, கடைசி இரண்டு சொல் ஓரத்தில் ஏறிப்போயிற்று. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.